32 பிட் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸுக்கு டாக்கர் 29 கிடையாது: யார் யாருக்குப் பாதிப்பு, என்ன செய்யலாம்?

நள்ளிரவு_நிர்வாகி

பலர் இதை இன்னும் கவனிக்கவில்லை என்று தோன்றுகிறது, அதனால் இந்த இழை. மென்பொருளைக் கண்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கரைப் பற்றியது. ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிப் பலகையின் 32 பிட் ஓஎஸ்ஸுக்கு டாக்கர் நிறுவனம் தரும் கடைசிப் பெரும்பதிப்பு டாக்கர் எஞ்சின் 28. 2025 நவம்பரில் வந்த 29-இலிருந்து அதற்கென்று தனி பேக்கேஜ் இல்லை. டாக்கரின் சொந்த ரெப்போவில் (பேக்கேஜ்கள் இறங்கும் கிடங்கு) 'ராஸ்பியன்' என்று ஒரு பிரிவு உண்டே, அதைத்தான் சொல்கிறேன்.

நிறுத்தியதைவிட, நிறுத்தியது நம் கண்ணில் படாமலே போவதுதான் எனக்குப் பெரிய பிரச்சினை. பேக்கேஜ்களை நிறுவும் ஆப்ட் கருவி எந்தப் பிழையும் காட்டாது. அப்டேட் ஓடும், அப்கிரேட் ஓடும், எல்லாம் புதிய பதிப்பில் இருப்பதாகவே சொல்லும். ரெப்போவில் இருப்பதிலேயே புதியது உங்களிடம் இருக்கிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். கண்டெய்னர்களும் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்கும். இப்படியே இரண்டு வருடம் போனாலும் தெரியாது.

முதலில் டாக்கர் பதிப்பைப் பாருங்கள். பேக்கேஜ் பதிப்பு எண்ணின் வாலில் 'ராஸ்பியன்' என்று இருந்தால் இந்த இழை உங்களுக்கானது.

கிளிஞ்சல்

என்னுடையது பை 4. யுநேம் கட்டளை 'ஏஆர்ச்64' என்று காட்டுகிறது. அப்படியானால் 64 பிட்தானே, எனக்கு ஒன்றும் இல்லைதானே?

கர்னல்_குமரன்

@கிளிஞ்சல், அவசரப்படாதீர்கள். யுநேம் சொல்வது கர்னலை, அதாவது ஓஎஸ்ஸின் மையக்கருவைப் பற்றி மட்டும். 2023-இல் ஃபர்ம்வேரில் ஒரு மாற்றம் வந்தது. அதற்கப்புறம் பை 4-இல் 32 பிட் ஓஎஸ் போட்டிருந்தாலும் இயல்பாக 64 பிட் கர்னல்தான் பூட் ஆகிறது. மேலே இருக்கும் யூசர்லேண்ட், அதாவது லைப்ரரிகள், ஆப்ட் பேக்கேஜ்கள், டாக்கர் டீமன் (பின்னணியில் ஓடும் சேவை) எல்லாம் 32 பிட்டாகவே இருக்கும். உங்களைப் போல யுநேமை மட்டும் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய.

டிபிகேஜி கட்டளையிடம் ஆர்க்கிடெக்சர் என்னவென்று கேளுங்கள். 'ஆர்ம்எச்எஃப்' என்று வந்தால் 32 பிட், 'ஆர்ம்64' என்று வந்தால் 64 பிட். கெட்கான்ஃபில் லாங்_பிட் கேட்டாலும் தெரிந்துவிடும். இன்னொரு அடையாளமும் உண்டு: ஓஎஸ்-ரிலீஸ் ஃபைலில் 32 பிட் ஓஎஸ் தன்னை இன்னமும் 'ராஸ்பியன்' என்றுதான் சொல்லிக்கொள்ளும், 64 பிட் ஓஎஸ் 'டெபியன்' (பை ஓஎஸ்ஸுக்கு அடிப்படையான லினக்ஸ்) என்று சொல்லும். 2020-இல் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் என்று பெயரை மாற்றினார்கள், உள்ளே அந்த ஐடி மாறவில்லை. 64 பிட் ஆட்கள் ஆரம்பத்திலிருந்தே டாக்கரின் டெபியன் ரெப்போவில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு இந்த அறிவிப்பால் எதுவும் இல்லை.

கிளிஞ்சல்

ஆர்ம்எச்எஃப் என்று வருகிறது. சரி, நானும் வரிசையில் நிற்கிறேன்.

பழையபலகை

எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது. பை ஸீரோ டபிள்யூ வைத்திருக்கிறேன். சென்சார் செய்திகளைக் கைமாற்றும் சின்ன எம்க்யூடிடி புரோக்கர், ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட், அவ்வளவுதான். அதை டாக்கரில் போட்டு நிம்மதியாக இருந்தேன். பலகை நன்றாகத்தான் ஓடுகிறது. மென்பொருள் ஆட்கள் கைவிட்டார்கள் என்பதற்காக அதைக் குப்பையில் போட வேண்டுமா? பழைய வன்பொருளைக் காப்பாற்றத்தானே லினக்ஸ் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்?

வெண்மதி_பி

கோபம் புரிகிறது. ஆனால் ஸீரோ டபிள்யூவையும் பை 4-ஐயும் ஒரே தட்டில் வைத்துப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். 32 பிட் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வேறு சிப் தலைமுறைகள் இருக்கின்றன.

2012-இல் வந்த முதல் பையில் ஆர்ம்வி6 சிப். அப்போது டெபியனின் ஆர்ம்எச்எஃப் ஆர்ம்வி7-ஐக் குறைந்தபட்சமாக வைத்துக் கட்டப்பட்டிருந்தது, ஆகவே பையில் ஓடாது. அதற்கும் கீழே இருந்த ஆர்மெல் ஓடும், ஆனால் சிப்பில் இருக்கும் தசம எண் கணக்கு வசதியைச் சரியாகப் பயன்படுத்தாது, அதனால் மெதுவு. இந்த இடைவெளியை நிரப்பத்தான் டெபியன் பேக்கேஜ்களை ஆர்ம்வி6-க்காக மறுபடி கம்பைல் செய்து ராஸ்பியன் என்று கொண்டுவந்தார்கள். ஆர்ம்எச்எஃப் என்ற பெயரையே அவர்களும் வைத்துக்கொண்டதால், ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு பைனரி வகைகள் உலவுகின்றன. இன்றைய குழப்பத்தில் பாதி அங்கே தொடங்கியது.

2015-இல் வந்த பை 2 ஆர்ம்வி7. 2016-இன் பை 3-இலிருந்து முக்கிய பலகைகள் எல்லாம் 64 பிட் ஓடக்கூடியவை. ஆர்ம்வி6-இல் நின்றுவிட்டவை பை 1 குடும்பம், பை ஸீரோ, ஸீரோ டபிள்யூ. டாக்கரின் அறிவிப்பில் உண்மையாகவே வெளியே போகிறவர்கள் இவர்கள் மட்டும்தான். மற்றவர்களுக்கு வீட்டு எண் மாறுகிறது, அவ்வளவுதான்.

நள்ளிரவு_நிர்வாகி

வெண்மதி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பை 3, 4 வைத்திருந்தும் ஏன் இத்தனை பேர் 32 பிட்டில் இருக்கிறார்கள் என்றால், அதிகாரப்பூர்வமான 64 பிட் ஓஎஸ் சோதனை நிலையைத் தாண்டி வெளியானதே 2022 பிப்ரவரியில்தான். அதற்கு முன்னால் கார்டு எழுதியவர்கள் அப்படியே தொடர்ந்து அப்கிரேட் செய்துகொண்டு வந்துவிட்டார்கள். யாரும் யோசித்து 32 பிட்டைத் தேர்ந்தெடுக்கவில்லை.

தூண்டில்

பழையபலகை சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் டாக்கரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. எஞ்சின் கடைசியாகப் போகிறது, இமேஜ்கள் (கண்டெய்னராக ஓட்டத் தயாராகக் கட்டிவைத்த தொகுப்புகள்) ஏற்கனவே போய்விட்டன. இமேஜ்களைத் தயாரித்துத் தரும் லினக்ஸ்சர்வர்.ஐஓ 32 பிட் ஆர்ம் இமேஜ்களை 2023 ஜூலையோடு நிறுத்திவிட்டது. ஹோம் அசிஸ்டென்ட் 32 பிட் ஆதரவை நிறுத்தப்போவதாக 2025 மே மாதம் அறிவித்தது. இன்ஃப்ளக்ஸ்டிபி 2 தொடக்கத்திலிருந்தே 64 பிட்டுக்கு மட்டும்தான். ஆர்ம்வி6 என்றால் இன்னும் மோசம். டெபியனை அடிப்படையாகக் கொண்ட அதிகாரப்பூர்வ இமேஜ்களில் வி5 உண்டு, வி7 உண்டு, வி6 கிடையாது. வி6-க்கு ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸின் அடிப்படையில் உள்ளவைதான் கதி.

ஆக, எஞ்சினை 29-க்கு உயர்த்தினாலும் அதில் ஓட்ட எதை இழுப்பீர்கள்?

பழையபலகை

என் இமேஜை நானே பில்டு செய்கிறேன். யாருடைய இமேஜும் எனக்கு வேண்டாம். ஆல்பைன் அடிப்படை, பத்து வரி டாக்கர்ஃபைல். எனக்கு எஞ்சின் மட்டும் இருந்தால் போதும்.

தூண்டில்

அப்படியென்றால் நீங்கள் சிறுபான்மையிலும் சிறுபான்மை :) தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இளவேனில்

ஒரு அடிப்படைக் கேள்வி. கண்டெய்னர் என்றாலே ஓஎஸ்ஸைச் சாராமல் ஓடும் என்றுதானே சொல்கிறார்கள்? அப்படியானால் ஹோஸ்ட், அதாவது கண்டெய்னரை ஓட்டும் கணினி, எந்த லினக்ஸ் டிஸ்ட்ரோ, எஞ்சின் எந்தப் பதிப்பு என்பதெல்லாம் ஏன் முக்கியம்? பழைய 28-லேயே இருந்துகொண்டு புதிய இமேஜ்களை ஓட்டினால் என்ன?

கர்னல்_குமரன்

@இளவேனில், நல்ல கேள்வி. இதற்கு இதே ராஸ்பியன் வரலாற்றிலேயே பதில் இருக்கிறது.

32 பிட் கணினிகளில் நேரத்தை 32 பிட் எண்ணில் வைத்தால் 2038-இல் நிரம்பிவிடும். அதைச் சரிசெய்ய ஆல்பைன் 3.13, 2021 ஜனவரியில், மஸில் 1.2 லைப்ரரிக்கு மாறியது. அது நேரத்தைக் கேட்கப் புதிய 64 பிட் சிஸ்டம் கால்களை (நிரல் கர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகள்) பயன்படுத்தும். அப்போது ராஸ்பியனின் பஸ்டர் பதிப்பில் இருந்த லிப்செக்காம்ப் (இந்த அழைப்புகளை வடிகட்ட உதவும் லைப்ரரி) பழையது, அந்தப் புதிய கால்களின் பெயரே அதற்குத் தெரியாது. டாக்கரின் பாதுகாப்பு வடிகட்டி, தெரியாத கால் என்றால் 'அனுமதி இல்லை' என்று திருப்பி அனுப்பும். விளைவு, கண்டெய்னருக்குள் இன்று என்ன தேதி என்றுகூடத் தெரியாது. டிஎல்எஸ் சான்றிதழ் சரிபார்ப்பு விழும், பேக்கேஜ் இறங்காது, காரணம் புரியாமல் பலர் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். இமேஜில் ஒரு குறையும் இல்லை. ஹோஸ்டில் லிப்செக்காம்ப்பை பேக்போர்ட்ஸிலிருந்து புதுப்பித்ததும் சரியானது.

கண்டெய்னர் தன் லைப்ரரிகளைத்தான் சுமந்து வருகிறது. கர்னல், செக்காம்ப் வடிகட்டி, ரன்சி (கண்டெய்னரைத் தொடங்கும் நிரல்) எல்லாம் ஹோஸ்டுடையவை. இமேஜ்கள் முன்னே ஓட ஓட, உறைந்துபோன ஹோஸ்டுக்கும் அவற்றுக்கும் இடைவெளி கூடிக்கொண்டே போகும். இன்று ஓடும். என்றைக்கு ஓடாமல் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, போகும்போது காரணமும் எளிதில் புரியாது.

இளவேனில்

மிக்க நன்றி. இதை ஓர் இடத்தில்கூட இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

மணல்வீடு

இருந்தாலும் வீட்டு நெட்வொர்க்குக்குள்தானே இருக்கிறது. வெளியிலிருந்து யாரும் வர முடியாது. 28-லேயே விட்டுவிட்டால் பெரிய ஆபத்தா என்ன? அளவுக்கு மீறிப் பயமுறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

நள்ளிரவு_நிர்வாகி

@மணல்வீடு, பாதி ஒப்புக்கொள்கிறேன். நீங்களே எழுதிய இமேஜ், உள் நெட்வொர்க் மட்டும் என்றால் அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் பெரும்பாலோர் அப்படி இல்லையே. யாரோ போட்ட இமேஜை இழுத்து, 'லேட்டஸ்ட்' என்ற டேகோடு ஓட்டுகிறோம். அங்கே கண்டெய்னரின் சுவர்தான் நமக்குப் பாதுகாப்பு, அந்தச் சுவரைக் கட்டுவது ரன்சி. 2024 ஜனவரி இறுதியில் 'லீக்கி வெசல்ஸ்' என்ற பெயரில் வெளியானவற்றில் முக்கியமானது ரன்சியில் இருந்தது: ஒரு ஃபைல் டிஸ்கிரிப்டர் கசிந்து, கண்டெய்னருக்குள்ளிருந்து ஹோஸ்டின் ஃபைல் சிஸ்டத்தைத் தொட முடிந்தது. 2025 நவம்பரில் மறுபடி மூன்று ஓட்டைகள், அவையும் ரன்சியில், அவையும் வெளியே தப்பிக்கும் வகை.

டாக்கர் ரெப்போவிலிருந்து போட்டவர்களுக்கு ரன்சி தனியாக வராது, கண்டெய்னர்டி பேக்கேஜுக்குள் அடங்கி வரும். ஆகவே டாக்கர் பதிப்பை மட்டும் பார்த்தால் போதாது, உள்ளே ரன்சி எந்தப் பதிப்பு என்று தனியாகக் கேட்டுப் பாருங்கள். 1.2 வரிசை என்றால் 1.2.8, 1.3 வரிசை என்றால் 1.3.3, அதற்குக் கீழே இருந்தால் அந்த மூன்றும் உங்களிடம் இருக்கின்றன.

கிளிஞ்சல்

சரி, நான் என்ன செய்ய வேண்டும்? பை 4, 4 ஜிபி. டாக்கர் கம்போஸில் (பல கண்டெய்னர்களைச் சேர்த்து இயக்கும் கருவி) போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், அதன்மேல் ஒரு புகைப்பட ஆல்பம், வரும் கோரிக்கைகளை உரிய கண்டெய்னருக்கு அனுப்பும் ரிவர்ஸ் ப்ராக்ஸி. கார்டை அழிக்காமல் 64-க்கு மாற வழி உண்டா?

வெண்மதி_பி

இடத்திலேயே மாற ஆதரவுள்ள வழி கிடையாது. புதிய கார்டில் 64 பிட் ஓஎஸ் எழுதிவிட்டு டேட்டாவைக் கொண்டுவருவதுதான் நேர்வழி. பழைய கார்டை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது விட்டுப்போனால் திரும்பிப் போகலாம்.

கவனிக்க வேண்டியது போஸ்ட்கிரெஸ். வால்யூமை (கண்டெய்னரின் டேட்டா இருக்கும் இடம்) அப்படியே டார் ஃபைலாகக் கட்டிக் கொண்டுபோய் 64 பிட் கண்டெய்னருக்குக் கொடுத்தால் அது திறக்காது. போஸ்ட்கிரெஸ் தன் டேட்டா டைரக்டரியில் எந்தக் கட்டமைப்பில் உருவானது என்று குறித்து வைத்திருக்கும். 8 பைட் மதிப்புகளைக் கையாளும் விதம் 32-க்கும் 64-க்கும் வேறு, அதனால் தொடக்கத்திலேயே மறுத்துவிடும். (மறுப்பது நல்லது. திறந்து தப்பாகப் படித்தால்தான் ஆபத்து.) பழைய கணினி ஓடும்போதே பிஜி_டம்ப்ஆல் கட்டளையால் டேட்டாபேஸ் முழுவதையும் டம்ப் எடுத்துவிடுங்கள். கார்டை அழித்துவிட்டு அப்புறம் இதைப் படிப்பவர்கள் 32 பிட் போஸ்ட்கிரெஸ் ஒன்றைத் தேடிக் கிளப்பி டம்ப் எடுக்க வேண்டியிருக்கும்.

எஸ்கியூலைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை, அதன் ஃபைல் எந்தக் கட்டமைப்பிலும் ஒன்றுதான். கண்டெய்னரை நிறுத்திவிட்டு நகலெடுங்கள், போதும்.

கர்னல்_குமரன்

வெண்மதி சொன்னதற்குப் பிறகு வருவதை நான் சொல்கிறேன். புதிய ஓஎஸ்ஸில் டாக்கரைப் போட்டதும் உங்களுக்கு நேராக 29 வரும், 28 அல்ல. ஆகவே கட்டமைப்பு மாற்றமும் பெரும்பதிப்பு மாற்றமும் ஒரே நாளில் சேர்ந்து வரும். 29-இல் டீமன் ஏற்கும் குறைந்தபட்ச ஏபிஐ (மற்ற நிரல்கள் அதோடு பேசும் முறை) பதிப்பை 1.44-க்கு உயர்த்திவிட்டார்கள். டாக்கர் சாக்கெட்டைத் தொட்டு வேலை செய்யும் கண்டெய்னர்கள், அதாவது லேபிளைப் படித்து ரூட் செய்யும் ரிவர்ஸ் ப்ராக்ஸி, நிர்வாகப் பலகைகள், தானாக இமேஜ் புதுப்பிக்கும் கருவிகள், பழைய ஏபிஐ எண்ணோடு பேசினால் டீமன் பிழை காட்டி மறுத்துவிடும். முதலில் அவற்றின் இமேஜைப் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள். புதுப்பிப்பே இல்லாத கருவி என்றால் டீமன் அமைப்பில் குறைந்தபட்ச ஏபிஐயை இறக்கி வைக்கலாம், தற்காலிகமாக.

இன்னொன்று, கம்போஸில் மெமரி வரம்பு வைத்திருக்கிறீர்களா? ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸில் மெமரி சிகுரூப் (மெமரி வரம்பை அமல்படுத்தும் கர்னல் வசதி) இயல்பாக அணைந்தே இருக்கும், வரம்பு எழுதியிருந்தாலும் டாக்கர் கண்டுகொள்ளாது. டாக்கர் இன்ஃபோவில் கடைசியில் எச்சரிக்கை வரும், யாரும் படிப்பதில்லை. பூட் பார்ட்டிஷனில் சிஎம்டிலைன் ஃபைலில் அதை இயக்கும் வார்த்தையைச் சேர்க்க வேண்டும். அந்த ஃபைல் முழுவதும் ஒரே வரியாக இருக்க வேண்டும், என்டர் தட்டிவிடாதீர்கள். பழைய கார்டில் எப்போதோ செய்திருப்பீர்கள், மறந்திருப்பீர்கள்.

ஏழாம்_போர்ட்

எல்லோரும் 64 பிட் என்கிறீர்கள். என்னிடம் பை 2 முதல் பதிப்பு, அதில் 64 ஓடாதே. எனக்கு வழி?

நள்ளிரவு_நிர்வாகி

@ஏழாம்_போர்ட், உங்களுக்கு வேலை இன்னும் எளிது. உங்கள் சிப் ஆர்ம்வி7. டாக்கரின் டெபியன் ரெப்போவில் ஆர்ம்எச்எஃப் பேக்கேஜ்கள் தொடர்கின்றன, டாக்கரே அதைத்தான் பரிந்துரைக்கிறது. ரெப்போ முகவரியில் ராஸ்பியன் என்பதை டெபியன் என்று மாற்றுங்கள், சாவியையும் அந்தப் பிரிவிலிருந்து எடுங்கள், கோட்நேம் (புக்வர்ம், ட்ரிக்ஸி போன்ற ஓஎஸ் பதிப்புப் பெயர்) அதேதான்.

ஒரு சின்னப் பொறி உண்டு. பேக்கேஜ் பதிப்பின் வாலில் டிஸ்ட்ரோ பெயர் இருக்கும் என்று சொன்னேனே, ஆப்ட் ஒப்பிடும்போது அந்த எழுத்தையும் ஒப்பிடும். 'ராஸ்பியன்' என்பதன் ஆர், 'டெபியன்' என்பதன் டி-க்குப் பின்னால் வருவதால், ஒரே எண் கொண்ட இரண்டில் ராஸ்பியன் பேக்கேஜையே புதியது என்று நினைத்து ஆப்ட் மாற்றாமல் விட்டுவிடும். டாக்கர் 29-க்குப் போய்விடும், துணை பேக்கேஜ்களில் ஏதாவது பழையபடியே நிற்கலாம். முடிந்ததும் எல்லாவற்றின் வாலையும் பாருங்கள். ஏதாவது ஒன்றில் ராஸ்பியன் என்று இருந்தால் பதிப்பைக் குறிப்பிட்டு மறுபடி போடுங்கள்.

ஆர்ம்வி6 பலகைக்காரர்கள் இதை முயல வேண்டாம். இன்ஸ்டால் ஆகிவிடும், ஓடாது. 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று விழும்.

மணல்வீடு

512 எம்பி மட்டும் உள்ள ஸீரோ 2 டபிள்யூவுக்கு என்ன சொல்கிறீர்கள்? 64 பிட் ஓடும், ஆனால் மெமரி அதிகம் தின்னும் என்கிறார்கள்.

தூண்டில்

தின்னும். பாயின்டர் ஒவ்வொன்றும் 4 பைட்டுக்குப் பதில் 8 பைட். எவ்வளவு கூடும் என்பது நீங்கள் ஓட்டுவதைப் பொறுத்தது, பைத்தான், நோட் போன்றவற்றில் நன்றாகவே தெரியும். டெஸ்க்டாப் இல்லாத லைட் பதிப்பு, ஸீராம் ஸ்வாப் (மெமரியில் இருப்பதைச் சுருக்கி வைக்கும் வசதி), இரண்டு மூன்று சிறிய கண்டெய்னர் என்றால் 64 பிட்டில் சமாளிக்கலாம். ஒவ்வொரு எம்பியும் முக்கியம் என்றால் 32 பிட் ஓஎஸ்ஸையே வைத்துக்கொண்டு டெபியன் ஆர்ம்எச்எஃப் வழியில் போங்கள், அந்தச் சிப்பில் அது ஓடும்.

வெண்மதி_பி

மணல்வீடு, தூண்டில் சொன்ன இரண்டாவது வழியில் நான் உடன்படவில்லை. இமேஜ்கள் காய்ந்துகொண்டே வருகின்றன என்று அவரே மேலே எழுதியிருக்கிறார். இன்று 32 பிட்டுக்கு உழைக்கும் உழைப்பை நாளைக்கு மறுபடியும் 64-க்கு உழைக்க வேண்டி வரும்.

தூண்டில்

512 எம்பி பலகையில் யாரும் புகைப்பட ஆல்பம் ஓட்டப்போவதில்லை. ஓட்டப்போகும் சின்னச் சின்ன இமேஜ்களுக்கு வி7 இன்னும் கிடைக்கிறது. டெபியன் 13-உம் ஆர்ம்எச்எஃப்பைக் கைவிடவில்லை, 64 பிட் நேரத்துக்கு மாற்றியே வெளியிட்டிருக்கிறது. நான் என் நிலையிலேயே நிற்கிறேன்.

பழையபலகை

எல்லோருக்கும் வழி சொல்லிவிட்டீர்கள், ஸீரோ டபிள்யூவை யாரும் தொடவில்லை.

கர்னல்_குமரன்

@பழையபலகை, உங்களுக்கு இரண்டு வழிகள். நின்றது டாக்கர் நிறுவனத்தின் ரெப்போ மட்டும். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸின் சொந்த ரெப்போவில் டெபியன் ஆட்கள் பேக்கேஜ் செய்யும் 'டாக்கர்.ஐஓ' இருக்கிறது, டாக்கருக்கு மாற்றான பாட்மேனும் இருக்கிறது, ஆர்ம்வி6-க்கு மறுபடி கம்பைல் செய்யப்பட்டவை. பதிப்பு பழையதாக இருக்கும்: புக்வர்மில் 20.10, ட்ரிக்ஸியில் 26.1. பாட்மேன் என்றால் பின்னணியில் எப்போதும் ஓடும் டீமன் இல்லை, 512 எம்பியில் அது மிச்சம்.

இரண்டாவது, நேராகவே கேட்கிறேன். ஒரு புரோக்கர், ஒரு ஸ்கிரிப்ட். இதற்கு கண்டெய்னர் எதற்கு? மாஸ்கிட்டோ என்ற எம்க்யூடிடி புரோக்கர் ஆப்டிலேயே இருக்கிறது. ஸ்கிரிப்டுக்கு ஒரு வென்வ் (பைத்தான் லைப்ரரிகளுக்குத் தனி இடம்), ஒரு சிஸ்டம்டி யூனிட் (சேவையைத் தொடங்கி நடத்தச் சொல்லும் ஃபைல்). மறுதொடக்கம், லாக், மெமரி வரம்பு எல்லாம் சிஸ்டம்டியே பார்த்துக்கொள்ளும்.

பழையபலகை

டாக்கர்ஃபைல் இருந்தால் கார்டு செத்தாலும் ஐந்து நிமிடத்தில் எழுப்பிவிடலாம் என்பதற்காகத்தான். ஆனால் நீங்கள் சொல்வதும் சரிதான், இன்று இரவு ஆப்ட் வழியை முயன்று பார்க்கிறேன்.

பழையபலகை

மாஸ்கிட்டோ போட்டாகிவிட்டது. ஸ்கிரிப்ட் புரோக்கரைக் கண்டுபிடிக்கவில்லை, வெளியிலிருந்து சென்சார்களும் இணையவில்லை. கண்டெய்னரில் பயன்படுத்திய பழைய கான்ஃப் ஃபைலை கான்ஃப்.டி-க்குள் போட்டால் மாஸ்கிட்டோவே கிளம்ப மறுக்கிறது.

வெண்மதி_பி

மூன்றும் வெவ்வேறு காரணம். ஸ்கிரிப்டில் புரோக்கர் முகவரியாக கம்போஸ் சர்வீஸின் பெயரை எழுதியிருப்பீர்கள், அது டாக்கரின் உள் டிஎன்எஸ்ஸில் மட்டும் இருந்த பெயர். லோக்கல்ஹோஸ்ட் என்று மாற்றுங்கள். சென்சார்கள் வராததற்குக் காரணம், மாஸ்கிட்டோ 2.0-இலிருந்து லிசனர் வரி (எந்தப் போர்ட்டில் இணைப்பை ஏற்பது என்று சொல்வது) இல்லாவிட்டால் உள்ளூர் இணைப்பை மட்டும்தான் ஏற்கும். கிளம்ப மறுப்பது, டெபியன் தரும் முதன்மை கான்ஃபிலேயே பெர்சிஸ்டன்ஸ் (டேட்டா சேமிக்கும்) இடமும் லாக் இடமும் எழுதியிருக்கிறது, உங்கள் ஃபைலிலும் அதே வரிகள் இருப்பதால் 'டூப்ளிகேட்' என்று விழுகிறது. உங்கள் ஃபைலில் லிசனர் 1883, பாஸ்வேர்டு ஃபைல் வரிகளை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நீக்குங்கள். பாஸ்வேர்டு ஃபைலை மாஸ்கிட்டோ யூசரால் படிக்க முடிகிறதா என்றும் பாருங்கள், பழைய வால்யூமிலிருந்து எடுத்திருந்தால் உரிமையாளர் எண் வேறாக இருக்கும்.

பழையபலகை

உரிமையாளர் எண்ணும் வேறாகத்தான் இருந்தது. இப்போது எல்லா சென்சாரும் பேசுகின்றன. யூனிட் ஃபைலையும் கான்ஃபையும் ஒரு கிட் ரெப்போவில் போட்டு வைக்கிறேன்.